மேற்பொருள் ஏமாற்றலாம், எழுத்து ஏமாற்றலாகாது: மறைகுறிப்புக் குறுக்கெழுத்தை விடுவித்தலும் விளக்குதலும்



பேச்சைத் தொடங்குமுன் இப்பலகையில் ஒரு வரியை எழுதுகிறேன்.

ஞாயிறு போனதும் வருவது (4)

பிறைக் குறிக்குள் உள்ள எண், விடைக்கு எத்தனை எழுத்து என்பதைச் சொல்கிறது. முன்வரிசையிலிருந்து ஒருவர் “இருட்டு” என்கிறார். எண்ணிப் பார்ப்போம்: இ, ரு, ட், டு. நான்கு எழுத்து. பொருளும் பொருந்துகிறது. வலப்புறத்திலிருந்து “திங்கள்” என்று இன்னொரு குரல். தி, ங், க, ள். அதுவும் நான்கு. ஞாயிறு என்பதைக் கதிரவனாகக் கொண்டால் திங்கள் நிலவு. கிழமையாகக் கொண்டால் திங்கள் அடுத்த கிழமை.

நான் எண்ணி வைத்திருந்த விடை திங்கள். ஆயினும் இருட்டு என்றவரைத் தவறு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் குறிப்பு அவருடைய விடைக்கும் இடம் கொடுத்துவிட்டது. குறை என்னுடையது. அதை இப்படித் திருத்துகிறேன்.

ஞாயிறு போனதும் வானிலும் நாட்காட்டியிலும் வருவது (4)

இப்போது இருட்டு நாட்காட்டியில் நுழைய முடியாது. விடை ஒன்றே ஒன்றாகிவிட்டது. அதுவே விடை, வேறொன்று விடையாகாது என்பதை யாருக்கும் எடுத்துக்காட்டவும் முடிகிறது. இன்று நான் பேச வந்தது இந்த எடுத்துக்காட்டுதலைப் பற்றித்தான்.

நம் வார இதழ்களில் வரும் குறுக்கெழுத்துப் புதிர்களை நீங்கள் அறிவீர்கள். ‘யானைக்கு இன்னொரு பெயர்’ என்றிருக்கும். களிறா, வேழமா, கரியா என்று கட்டங்களை எண்ணிப் பார்த்து நிரப்புவோம். அங்கே சோதிக்கப்படுவது சொல்வளம். நான் சொல்லப்போகும் வகை வேறு. ஆங்கிலத்தில் ‘கிரிப்டிக்’ என்பர். இவ்வுரையில் மறைகுறிப்பு என்று அழைக்கிறேன். இதற்கு நிகண்டு அறிவு குறைவாக இருந்தாலும் போதும். நாம் நாள்தோறும் புழங்கும் சொல்லை இன்னொரு முறை, சற்று ஐயத்தோடு பார்க்கும் பழக்கம் வேண்டும்.

இதன் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் என்பார் 1913 டிசம்பர் 21ஆம் நாள் நியூயார்க்கின் ‘நியூயார்க் வேர்ல்ட்’ இதழில் வெளியிட்ட கட்டப்புதிரையே முதல் குறுக்கெழுத்து என்பது வழக்கம். அதில் இருந்தவை நேரான குறிப்புகள். அட்லாண்டிக்கைக் கடந்து பிரிட்டனுக்கு வந்த பிறகுதான் அதற்குக் குறும்பு பிடித்தது. ‘அப்சர்வர்’ இதழில் 1926 முதல் எட்வர்ட் பவிஸ் மாதர்ஸ் என்பவர் தோர்கெமாதா என்னும் புனைபெயரில் புதிர் அமைத்தார். தோர்கெமாதா ஸ்பெயின் நாட்டுச் சமய விசாரணை மன்றத் தலைவரின் பெயர். விடுவிப்போரை வதைப்பதே தம் தொழில் என்று அவர் பெயரிலேயே ஒப்புக்கொண்டார் போலும். அவருக்குப் பின் 1939இல் அவ்விடத்துக்கு வந்த டி. எஸ். மக்நட், சிமெனிஸ் என்ற இன்னொரு விசாரணைத் தலைவரின் பெயரைச் சூடிக்கொண்டார். ஆனால் அவர் செய்தது வதைக்கு எதிரானது. புதிர் அமைப்பவர் எதுவரை ஏமாற்றலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்கு வரம்பு கட்டி 1966இல் ஒரு நூலே எழுதினார். 1972 முதல் அவ்வழியில் அமைத்தவரின் புனைபெயர் அசெட். அது டெசா என்ற மூன்றாவது விசாரணைத் தலைவரின் பெயரைத் திருப்பி எழுதியது. ஆங்கில நெடுங்கணக்கின் முதலும் முடிவுமான எழுத்துகளும் அதில் அடங்கும். அவருடைய போட்டியில் பங்கெடுத்தோர் கட்டங்களை நிரப்புவதோடு, தரப்பட்ட ஒரு சொல்லுக்குத் தாமே குறிப்பு எழுதி, அது எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருந்தது. விளக்கம் கொடுக்க முடியாத குறிப்புக்கு அங்கே மதிப்பு இருந்ததில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஜனவரியில், ‘டெய்லி டெலிகிராப்’ நாளிதழ் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டியில் பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடிக்க வல்லார் சிலர், பின்னர் பிளெட்ச்லி பூங்காவின் மறைகுறியீட்டுப் பணிக்கு அழைக்கப்பட்டனர் என்பது பலரும் கேட்ட செய்தி. புதிர் போட்டவர்கள் எல்லாம் போரில் வெல்வார்கள் என்று யாரும் அஞ்ச வேண்டா. எழுதியிருப்பதை உடனே நம்பிவிடாத பழக்கம் சில இடங்களில் விலைபோகும் என்பதற்கு மட்டும் இது சான்று.

இனிப் புதிரின் உறுப்புகளுக்கு வருகிறேன். நல்ல மறைகுறிப்பு ஒன்றில் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று விடையின் நேர்ப்பொருள். மற்றொன்று விடையை எழுத்துக் கணக்காகக் கட்டிக் காட்டும் சொல்லாட்டம். இரண்டும் ஒரே வாக்கியமாக இழைந்திருக்கும். அவ்வாக்கியம் வேறு ஏதோ ஒரு காட்சியை நம் கண்முன் கொண்டுவரும். அதுதான் பொறி.

பல கரம் சேர்ந்து எழுதுவதற்கு உரியது (3)

படித்தவுடன் என்ன தோன்றுகிறது? ஊர் கூடிப் போடும் விண்ணப்பம், கூட்டாக எழுதும் கதை. அக்காட்சியைத் தள்ளிவையுங்கள். ‘பல’ என்ற சொல்லை அப்படியே எடுங்கள். ‘கரம்’ என்பதற்குக் கை. இரண்டும் ‘சேர்ந்து’ பலகை. பலகை ‘எழுதுவதற்கு உரியது’. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வேலை இருந்தது. வேலையற்ற சொல் ஒன்றும் இல்லை. விடையை இரண்டு வழியில் வந்தடைந்தோம். இரண்டு வழியும் ஒரே இடத்தில் முடிந்தால், பின்பக்கம் திருப்பி விடையைப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை. புதிருக்குள்ளேயே அதன் சான்று இருக்கிறது.

ஆங்கிலத்தில் நேர்ப்பொருள் வாக்கியத்தின் தலையிலோ கடையிலோ நிற்கும் என்பது உறுதியான விதி. தமிழில் வினை இறுதியில் வருவதால், கடையில் நிற்கும் நேர்ப்பொருளுக்குப் பின் ‘ஆகும்’, ‘தெரியும்’, ‘கிடைக்கும்’ என்பன போன்ற ஒரு சிறு வால் ஒட்டிக்கொள்ளக்கூடும். அதை நாம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். மொழியை வளைத்து விதியைக் காப்பாற்றுவதைவிட விதியைச் சற்றுத் தளர்த்துவது மேல் என்பது என் கருத்து.

இங்கே ஒரு கேள்வி எழும். இது வெள்ளையர் விளையாட்டாயிற்றே, தமிழில் ஒட்டுமா? தண்டியலங்காரத்தின் சொல்லணியியலைத் திறந்து பார்த்தவர்க்கு இந்த ஐயம் வராது. அங்கே சித்திரகவி என்ற தலைப்பில் வரிசையாகச் சில பெயர்கள் உள்ளன. பல வினாக்களை எழுப்பி, அவற்றின் விடைகளை ஒன்றாகக் கோத்தால் இறுதி விடை தோன்றும்படி செய்வது வினாவுத்தரம். சற்று முன் பலகையை நாம் கட்டியது அந்த முறையில்தான். ஒரு பாட்டின் எழுத்துகளை இன்னொரு பாட்டுக்குள் ஒளித்துவைப்பது கரந்துறைச் செய்யுள். ஒரு சொல்லிலிருந்து எழுத்தை ஒவ்வொன்றாக நீக்கி வேறு வேறு பொருள் காண்பது அக்கரச் சுதகம். எழுத்தைக் கூட்டிக்கொண்டே போவது எழுத்து வருத்தனம். எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒன்றாக வருவது மாலைமாற்று. லண்டன் நாளிதழ்கள் இருபதாம் நூற்றாண்டில் கண்டெடுத்த கருவிகளில் பெரும்பாலானவை நம் அலங்கார நூலில் பெயரோடும் இலக்கணத்தோடும் படுத்திருந்தன. இதனால் குறுக்கெழுத்தைத் தமிழரே கண்டுபிடித்தனர் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது நமக்குப் பிடித்த பொழுதுபோக்கு. இன்று அதற்கு நேரமில்லை. கட்டமும், எண்ணும், ஒரே வரியில் நேர்ப்பொருளையும் சொல்லாட்டத்தையும் இழைக்கும் கட்டுப்பாடும் அவர்களுடையவை. எழுத்தை வைத்து ஆடும் பயிற்சி நமக்குப் பழையது. அவ்வளவே.

அந்தப் பழம்பயிற்சி நமக்கு ஒரு பெரிய சிக்கலையும் தீர்த்து வைக்கிறது. ஒரு கட்டத்தில் எதை எழுதுவது? ‘கொ’ என்பதை அச்சில் மூன்று உருவங்களாகக் காண்கிறோம். கணினியோ அதை இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கிறது. எழுத்து எண்ணும் மென்பொருள் சிலவற்றிடம் ‘திங்கள்’ என்ற சொல்லைக் கொடுத்தால் ஏழு என்று விடை சொல்லும். மேல்விலங்கையும் புள்ளிகளையும் தனித்தனியாக எண்ணிவிடும். திருஞானசம்பந்தர் திருமாலைமாற்றுப் பதிகத்தைப் பாடியபோது திருப்பிப் போட்டது உயிர்மெய்யைத்தான். மெய்யையும் உயிரையும் பிரித்து அன்று. ஆகவே உயிரானாலும் மெய்யானாலும் உயிர்மெய்யானாலும் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று துணிந்து கொள்ளலாம். அக்கணக்கில் ஒரு குறிப்பு:

எத்திசையிலிருந்து வந்தாலும் காவிரி பிறக்கும் இடம் (3)

குடகு. இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் கு, ட, கு. ‘எத்திசையிலிருந்து வந்தாலும்’ என்பது பயணியைப் பற்றியதாகத் தோன்றினாலும், உண்மையில் படிப்பவரின் கண்ணைப் பற்றியது.

அக்கரச் சுதகத்துக்கு ஒன்று:

முதலை இழந்த முதலைக்கு மிஞ்சியது சென்னி (2)

முதலாவது ‘முதலை’ என்பதை முதல் என்ற பெயரும் இரண்டாம் வேற்றுமை உருபுமாகப் பிரியுங்கள். இரண்டாவது நீரில் வாழ்வது. முதலை என்ற விலங்கின் முதலெழுத்து நீங்கினால் மிஞ்சுவது தலை. அதற்குச் சென்னி என்றும் பெயர். வணிகத்தில் முதலை இழந்தவர்களுக்கும் அதுவே மிஞ்சுகிறது என்பது வேறு செய்தி.

தமிழ் எழுத்துக்கு மட்டுமே வாய்த்த ஆட்டங்களும் உண்டு. என் விருப்பத்துக்குரியது இது:

பல புள்ளி வைத்தால் மெல்ல உதவும் (2)

வாசலில் கோலம் போடுவோர் நினைவுக்கு வருவர். புள்ளிகளை அதிகமாக வைத்தால் கோடு இழுப்பது எளிது, பையப் பைய உதவும் என்று பொருள் கொள்ளத் தோன்றும். இப்போது ‘பல’ என்பதை ஒரு சொல்லாக மட்டும் பாருங்கள். அதற்குப் புள்ளி வைக்க வேண்டும். எந்த எழுத்துக்கு? மெய்யெழுத்து சொல்லுக்கு முதலாகாது என்று இலக்கணம் சொல்வதால், பகரத்துக்கு வைக்க முடியாது. லகரத்துக்கே வைக்க வேண்டும். பல், ‘மெல்ல உதவும்’. மெல்லுதல் என்ற வினை அங்கே மெல்ல ஒளிந்திருந்தது. ஆங்கிலத்தில் இதைச் செய்யவே இயலாது. அவர்களுடைய எழுத்தில் புள்ளிக்கு இந்த ஆற்றல் இல்லை.

மாத்திரைச் சுருக்கம் என்ற பழைய வகையும் இப்படியே. ஒலியின் அளவில் ஒரு மாத்திரையைக் குறைத்தால் நெடில் குறிலாகும், சொல் மாறும்.

வாடை சற்றுக் குறைந்தால் சுடச்சுட உண்ணலாம் (2)

குளிர்காற்றோ, நாற்றமோ என்று மயங்க வேண்டா. வாடை குறுகி வடையாயிற்று.

இனி எனக்கு நேர்ந்த ஓர் இழுக்கைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் சனிக்கிழமைகளில் உயர்நிலைப்பள்ளி மாணவர் பத்துப் பேருக்குப் பொழுதுபோக்காக இப்புதிர்களைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர்களுள் பலருக்குத் தமிழ் என்பது வாரத்தில் சில பாடவேளைகளும் ஆண்டிறுதியில் ஒரு தேர்வும். வீட்டில் பேசுவது ஆங்கிலம். வகுப்பில் வாய் திறந்தால் தவறு வந்துவிடுமோ என்ற அச்சம் அவர்களுடைய முகத்திலேயே எழுதியிருக்கும். ஆசிரியர் சொல்வது சரி, தாங்கள் சொல்வது பெரும்பாலும் பிழை என்பதே தமிழைப் பற்றி அவர்கள் கற்ற முதற்பாடம். ஒருநாள் நான் கொடுத்த குறிப்பு:

வந்தவளுக்குள் மழைக்காலத்தில் கத்துவது (3)

விடை தவளை. எல்லாரும் கண்டுபிடித்துவிட்டனர்; மழையில் கத்துவது வேறென்ன? அடுத்த புதிருக்குப் போகலாம் என்று நான் தாளைத் திருப்பியபோது, உயர்நிலை மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள். அதுவரை அவள் அவ்வகுப்பில் பேசி நான் கேட்டதில்லை.

“சார், இதில் ‘ளை’ எங்கே இருக்கிறது?”

நான் பலகையைப் பார்த்தேன். வ, ந், த, வ, ளு. தவளு இருந்தது. தவளை இல்லை. வந்தவளை என்ற சொல்லில் தவளை ஒளிந்திருப்பதைக் கண்டு மகிழ்ந்து குறித்துவைத்த நான், வாக்கியம் நன்றாக அமைய வேண்டுமென்று வேற்றுமையை மாற்றியபோது தவளையைக் கொன்றுவிட்டேன். ஆசிரியர்க்கு உரிய சமாளிப்பு என் நாவில் தயாராக இருந்தது. “வந்தவளை என்று மாற்றிக்கொள்ளலாமே” என்றேன்.

“அப்படி மாற்றிக்கொள்ளலாம் என்றால் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாமே, சார்.”

மறுமொழி சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. என் வயதும், பட்டமும், நாற்பதாண்டுக் கற்பித்தலும் அந்த ஒரு ‘ளை’க்கு முன் செல்லவில்லை. சான்று பலகையில் இருந்தது; யார் வேண்டுமானாலும் எழுத்தை எண்ணிப் பார்க்கலாம். ‘வந்தவளை உள்ளே பார்’ என்று வைக்கலாமே என்று அவளே சொன்னாள். அதிலிருந்து எல்லாருமாகச் சேர்ந்து உருவாக்கியது இது:

வந்தவளை உள்ளே பார்த்தால் மழைக்காலத்தில் கத்துவது தெரியும் (3)

மேலோட்டமாகப் படித்தால், வந்த பெண்ணை வீட்டுக்குள் கவனித்தால் அவள் மழை நாளில் கூச்சலிடும் வழக்கம் தெரியவரும். உட்பொருளில், ‘வந்தவளை’ என்ற சொல்லுக்குள் பார்த்தால் மழைக்காலத்தில் கத்தும் உயிரினம் கண்ணில் படும். ‘கத்துவது’ ஒரு முறை தொழிலைக் குறித்தது, மறுமுறை தொழிலைச் செய்வதைக் குறித்தது. ‘தெரியும்’ ஒரு முறை அறிவைக் குறித்தது, மறுமுறை பார்வையைக் குறித்தது. நான் தனியே எழுதியதைவிட மும்மடங்கு நல்ல குறிப்பு. ஒளிந்த சொல்லுக்கு முன்னே எழுத்து மிஞ்சினால் மட்டும் போதாது, பின்னேயும் மிஞ்ச வேண்டும் என்று சொல்லும் கண்டிப்பானவர்கள் உண்டு. நான் அவ்வளவு கடுமையானவன் அல்லன்.

இந்நிகழ்ச்சி எனக்கு ஒரு விதியையும் கற்றுத் தந்தது. தமிழ்ச்சொல் வேற்றுமை ஏற்கும்போது உருமாறும். மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை வரும். ஆங்கிலத்துக்கு இத்தொல்லை இல்லை. அப்படியானால் உருமாறிய சொல்லைப் புதிரில் பயன்படுத்தலாமா? இக்குறிப்பைப் பாருங்கள்:

நகரத்தின் நடுவே குழப்பம். பாவிகள் சேரும் இடம் (4)

நகரம் என்ற சொல்லின் நடுவில் உள்ள ககரமும் ரகரமும் இடம் மாறினால் நரகம். பெருநகரில் வாழ்வோர் யாரும் இவ்விடையை மறுக்கமாட்டார்கள். ஆனால் வரியில் அச்சாகியிருப்பது ‘நகரத்தின்’. இதை நேர்மையான குறிப்பு என்றே கொள்கிறேன். இங்கே ஒரு சொல் பெயர் சுட்டப்படுகிறது. அதன் நடுவில் என்ன நடந்தது என்று சொல்லப்படுகிறது. நகரத்தின் என்றால் நகரம் என்பதன் என்று தமிழ் அறிந்த எவரும் தாமே விளங்கிக்கொள்வர். ஒளித்துவைக்கும் குறிப்பு அத்தகையதன்று. அங்கே எழுத்து தாளில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இல்லாததைப் ‘பார்’ என்று சொல்வது பொய். மாணவியின் சினம் நியாயமானது, என் தவளை நியாயமற்றது.

புணர்ச்சியிலும் இதே போன்ற ஒரு முடிவு தேவைப்படுகிறது.

பல்லைப் பதி, உறைப்பு வந்து நேரம் காட்டும் (5)

பல்லைப் பதி என்றால் கடி. அதன்பின் உறைப்பாகிய காரம் வருகிறது. கடிகாரம். கடி என்பது ஏவல் வினையாதலால் இங்கே வல்லினம் மிகாமல் தப்பித்தோம். வேறு இடங்களில் இரண்டு சொற்களைச் சேர்த்தால் ஒற்று மிகும், திரியும், கெடும். சொல்லாட்டத்தில் சேர்ப்பது பொருளுள்ள தொடரை அன்று, எழுத்துத் துண்டுகளை. ஆகவே புணர்ச்சி விதியை அங்கே நுழைக்காமல் துண்டுகளை வைத்தபடியே ஒட்ட வேண்டும் என்பது என் நிலை. மாற்றுக் கருத்துடையோர் உளர். அவர்களோடு வாதிடுவதற்கு ஒரு மாலைப்பொழுது தனியே தேவைப்படும்.

ஆங்கிலப் புதிர்களின் பெரிய தூண் எழுத்துக் கலைப்பு. ஒரு சொல்லின் எழுத்துகளைக் கலைத்து இன்னொரு சொல் ஆக்குவது. அவர்களுக்கு இருபத்தாறு எழுத்து. கலைத்துப் போட்டால் ஏதாவது ஒரு சொல் வந்துகொண்டே இருக்கும். நம் நெடுங்கணக்கில் இருநூற்று நாற்பத்தேழு. கலைத்தால் கிடைப்பது பெரும்பாலும் குப்பை. அதனால் தமிழில் இவ்வகை அரிது. அரிதாகையால் கிடைக்கும்போது இனிக்கிறது.

மாற்றி விதைக, புலவர் அறுவடை செய்வது (3)

உழவர்க்குச் சொன்ன அறிவுரை போலத் தோன்றுகிறது. ‘விதைக’ என்பதன் மூன்று எழுத்துகளையும் ‘மாற்றி’ வைத்தால் கவிதை. இங்கே ‘மாற்றி’ என்பதுதான் சைகைச் சொல். என்ன செய்ய வேண்டும் என்று அது கண்ணடிக்கிறது. கலைந்து, குழம்பி, புரண்டு, திரும்பி, கரந்து, பொதிந்து, தலையிழந்து, கடைகெட்டு என்று இதற்கு நம்மிடம் சொற்கள் ஏராளம். ஆங்கிலப் புதிரில் மது மயக்கத்தைச் சொல்லும் சொற்களும் எழுத்துக் கலைப்புக்குச் சைகையாக வரும் என்பதற்காக, நம் குறிப்பிலும் எல்லாரையும் குடிகாரர் ஆக்க வேண்டியதில்லை.

குறிப்புகளைத் தனித்தனியே பார்த்தோம். கட்டத்தில் அவை ஒன்றை ஒன்று வெட்டிச் செல்லும்போதுதான் இலக்கணம் உதவிக்கு வருகிறது. குறுக்கே நரகம் என்று நிரப்பிவிட்டீர்கள் என்க. அதன் ககரத்திலிருந்து கீழ்நோக்கிக் கவிதை தொடங்கலாம். மகர மெய்யிலிருந்து எதுவும் தொடங்க முடியாது. அக்கட்டத்தில் கீழ்ச்சொல்லுக்கான எண் இருந்தால் உங்கள் நரகம் பிழை. குறுக்கே திங்கள் விழுந்து, அதன் ‘ங்’ வழியாக ஒரு சொல் கீழிறங்கினால், அடுத்த கட்டத்தில் ககர வரிசை எழுத்துதான் வரும் என்று கிட்டத்தட்டப் பந்தயமே கட்டலாம்: சங்கம், தங்கை, எங்கும். ‘ட்’ கிடைத்தால் அதன்பின் வருவது டகர வரிசையாகவோ, க, ச, ப வரிசைகளில் ஒன்றாகவோ இருக்கும்: கட்டு, வெட்கம், கட்சி, நட்பு. சொல்லின் இறுதிக் கட்டத்தில் வல்லின மெய் நிற்காது. மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் என்று நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மாலையே மறந்தவை இவை. அவற்றுக்கு ஒரு பயன் உண்டு என்பதை, ‘ங்’ இருக்கும் கட்டத்துக்குக் கீழே பென்சிலால் ‘க?’ என்று குறித்துவைத்த ஒரு சிறுவனிடம்தான் முதன்முதலில் கண்டேன். நன்னூல் என்ற பெயரையே அவன் கேட்டிருக்கவில்லை.

விடுவிக்கத் தொடங்குவோர்க்கு நான் சொல்வது ஒன்றுதான்: விடை தோன்றியவுடன் எழுதிவிடாதீர்கள். குறிப்பின் ஒவ்வொரு சொல்லையும் தொட்டு, நீ இங்கே என்ன வேலை செய்கிறாய் என்று கேளுங்கள். ஒரு சொல்லாவது மறுமொழி சொல்லாமல் நின்றால், உங்கள் விடை தவறாக இருக்கலாம். அல்லது புதிர் அமைத்தவர் தவறு செய்திருக்கலாம். இரண்டாவதற்கும் இடம் உண்டு என்பதை மறக்க வேண்டா. தவளையைக் கொன்றவன் சொல்கிறேன்.

அம்மாணவி அடுத்த சனிக்கிழமை ஒரு துண்டுத் தாளோடு வந்தாள். தானே எழுதிய குறிப்பு என்றாள். விடையை யாருக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. நான் மாத்திரைச் சுருக்கம் என்று நினைத்துச் செவியால் தேடிக்கொண்டிருந்தேன். அவளோ எழுத்தின் வடிவத்தில் ஒளித்திருந்தாள். இரண்டு வழியும் ஓரிடத்தில்தான் முடிகின்றன என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதை அப்படியே தருகிறேன்.

காலை இழந்த பாட்டி மாடு அடைக்கும் இடம் (3)

விடையை இப்புத்தகத்தில் அச்சிட மாட்டேன். காலை என்பது காலைப்பொழுது அன்று. தேக்கா வட்டாரத்துக்குப் பழைய மலாய்ப் பெயர் கண்டாங் கெர்பாவ் என்பதை முதியவர்கள் அறிவர். கெர்பாவ் என்றால் எருமை. கண்டாங் என்பதற்குத் தமிழ் என்ன என்று அவள் தன் பாட்டியிடம் கேட்டுத்தான் இதைத் தொடங்கினாளாம்.